உள்ளயும் அதே நீலம்

...இத நீலம்னு ஒருத்தன் சொன்னான்னா அவன் கண்ணுல கோளாறு, இல்ல மனசுல கோளாறு! ரெண்டுல ஒண்ணுதான் சார், மூணாவது கெடையாது. நீங்களே சொல்லுங்க. ம்ஹூம், அங்க நின்னுக்கிட்டு எட்டிப் பாத்தா தெரியாது. வாங்க, உள்ள வந்து உக்காருங்க. அட வாங்க சார், வண்டி கடிக்காது. நீங்க பாக்க வந்த பெயிண்டர் எதிர் ஷெட்டுல இல்ல, சாப்பிடப் போயிருக்கான். கேட்டப் பூட்டிட்டுத்தான் போயிருக்கான், எவ்வளவு தட்டினாலும் தொறக்காது. அரை மணி நேரம் ஆகும். வேலை இந்த லட்சணம், சாப்பாடு மட்டும் நேரத்துக்கு! உங்க வண்டி அங்கயே நிக்கட்டும். யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க... அதத் தள்ளவே நாலு பேர் வேணும் போல இருக்கே. கோச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். பழசுன்னாலும் அம்சமான வண்டிதான். அதனாலதான் சொல்றேன், அத இவன் கையில குடுத்துடாதீங்க.

ஆங், அப்படி ஸ்டியரிங் முன்னாடி உக்காருங்க. கதவு தொறந்தே இருக்கட்டும், நான் இங்கயே சாஞ்சு நின்னுக்கறேன். இப்ப முன் கண்ணாடி வழியா பானெட்டப் பாருங்க. பாத்தாச்சா? என்ன கலர்? நீலம். சுத்தமான வெளிர் நீலம். மழை விட்ட மறுநாள் காலையில வானம் இருக்குமே, அந்த நீலம். இப்ப தலைய அசைக்காம கண்ண மட்டும் கீழ எறக்குங்க. டாஷ்போர்டு. இது என்ன கலர்? சொல்லுங்க... சொல்ல முடியல பாத்தீங்களா! யாராலயும் சொல்ல முடியல. நீலம்னா நீலம் இல்ல, பச்சைன்னா பச்சை இல்ல. பாசி புடிச்ச தண்ணித் தொட்டியில சொட்டு நீலத்தக் கவுத்துவிட்ட மாதிரி ஒரு கண்றாவி. கதவுப் பட்டை, கண்ணாடி ஓரம், ஆஷ்ட்ரே மூடி வரைக்கும் அதே கண்றாவி! ஒரு எடத்துலயாவது தப்பித் தவறி நீலம் விழுந்திருக்கணுமே... விழல சார். அவ்வளவு கவனமா கெடுத்து வெச்சிருக்கான்.

என்கிட்ட இந்த வேலையெல்லாம் நடக்காது. நான் யாருன்னு நீங்க கேக்கல, கேக்கலன்னாலும் சொல்றேன். எடை அளவு இலாகாவுல முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்டர். தராசுத் தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டினவன், லிட்டர் குவளையோட அடிய உள்பக்கமா தட்டி மேடாக்கினவன், எடைக்கல்லத் தொளச்சு வேற எதையோ அடைச்சவன்... அத்தன பேரையும் நின்ன நிலையில புடிச்சவன் நான். கடைத்தெருவுல என் தலை தெரிஞ்சா தராசு முள்ளு தானா நடுவுல வந்து நிக்கும். எனக்கே 'முள்ளு'ன்னுதான் பேரு. முதுகுக்குப் பின்னாடிதான் சொல்வாங்க. மரியாதைதான், வேற என்ன?

சரி, அத விடுங்க. வண்டி என்னுது இல்ல சார். எங்க அண்ணனுது. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி வெளியூர் போறப்ப சாவிய என் கையில குடுத்து, 'ஒரு கீறல் விழாமப் பாத்துக்கடா'ன்னாரு. பாத்துக்கிட்டேன். எம் புள்ளைங்களக்கூட அப்படிப் பாத்துக்கல. நான் சொல்லல, வீட்டுக்காரி சொல்றா, நாளைக்கு ரெண்டு தடவ சொல்றா. போன மாசம் அண்ணன் போன் பண்ணாரு. 'வண்டி வெளிய நீலமா இருக்கு, உள்ள மட்டும் எவனோ எந்தக் காலத்துலயோ கறுப்பு அடிச்சு வெச்சிருக்கான், குகைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. உள்ளயும் அதே நீலம் அடிச்சு வை. வந்து பாக்குறேன். நல்லா இருந்தா உன் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன். இல்லன்னா மருமகன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்குப் போகட்டும்'னாரு.

மருமகனாம்! அவன் வண்டி கழுவுற அழக நான் பாத்திருக்கேன் சார். பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்க்கிறான்! கூரை மேல டிபன் பாக்ஸ வெச்சுட்டு சாவி தேடுறான்! அவன் கைக்கு இது போச்சுன்னா... சிரிக்காதீங்க. ரிட்டயர் ஆனப்புறம் நான் காலையில எழுந்திருக்கிறதே இதத் தொடைக்கத்தான். வேற என்ன இருக்கு எனக்கு? தெருவுல ஒருத்தனும் நின்னு பேசறதில்ல. வண்டியத் தொடைக்கிறப்பதான் நாலு பேர் நின்னு பாக்குறான். அண்ணன் ஞாயித்துக்கெழமை வர்றாரு. நாளன்னிக்கு.

அதனாலதான், நல்ல பெயிண்டர், நல்ல பெயிண்டர்னு ஊரே சொல்லுதேன்னு இவன்கிட்ட கொண்டாந்து விட்டேன். முதல் நாள் வந்து பாக்குறேன், சீட்டெல்லாம் வெளிய கெடக்கு. பெயிண்ட் அடிடான்னா வீடு காலி பண்ற மாதிரி எல்லாத்தையும் எறக்கி வெச்சிருக்கான்! ஸ்பீடாமீட்டர், கடிகாரம், ஸ்விட்சு, ஒவ்வொண்ணையும் தனித்தனிக் கவர்ல போட்டு, மேல பேரு எழுதி ஒட்டி, வரிசையா அடுக்கி... பெயிண்ட் ஷெட்டா, மளிகைக் கடையா? அப்புறம் கறுப்ப உரிக்க ஆரம்பிச்சான். உரிச்சு முடிச்சுத் தேய்க்க ஆரம்பிச்சான். தண்ணி தொட்டுத் தொட்டு எமரி தாள வெச்சு அஞ்சு நாள் தேய்க்கிறான் சார், அஞ்சு நாள்! மேல தெரியிற எடத்தத் தேய்ச்சா பத்தாதா? கதவுக் கீலுக்கு உள்ள, எவன் கண்ணுக்கும் படாத சந்துல விரல விட்டுத் தேய்க்கிறான். 'அங்க யாருப்பா பாக்கப் போறாங்க?'ன்னேன். 'துரு பாக்கும் சார்'ங்கிறான். பதிலுக்கு மட்டும் கொறச்சலே இல்ல!

அதோட விட்டானா? பள்ளத்துக்கெல்லாம் பட்டி பாத்தான். பட்டியத் தேய்ச்சான். பிரைமர் அடிச்சான். பிரைமரையும் தேய்ச்சான். நான் பக்கத்துல நின்னா என்னையும் தேய்ச்சிருப்பான். அப்புறம் கண்ணாடிக்கெல்லாம் நியூஸ்பேப்பர் ஒட்டி, ஓரத்துக்கு டேப்பு ஒட்டி, தரையில தண்ணி தெளிச்சு... தூசி எழும்பக் கூடாதாம். 'சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க'ன்னான். ஏன்யான்னேன். என் செருப்புல தூசி இருக்காம்! என் அண்ணன் வண்டி, என் செருப்பு, இவன் என்னைய வெளிய அனுப்புறான். போனேன். போய் அந்த டீக்கடையில உக்காந்தேன். அந்த டீக்கடைக்காரன் ஒரு ஆளு, கழுத்து வரைக்கும் நுரைய ஊத்திட்டு முழு கிளாஸ்னு குடுக்கிறான், அது தனிக்கதை.

இந்த டாஷ்போர்ட விரலால தடவிப் பாருங்க. தடவுங்க சார், ஒட்டாது. ...ஆமா, வழுவழுன்னுதான் இருக்கு. யாரு இல்லன்னா? உங்க மூஞ்சி தெரியுதா அதுல? தெரியும். மீசையில எத்தன நரைன்னுகூட எண்ணிடலாம். அதான் சார் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது! அரைகுறையா அடிச்சிருந்தான்னா சொரண்டிப் போட்டுட்டு வேற ஆளப் பாப்பேன். இது இருபது வருஷத்துக்கு அசையாது. தப்பப் போய் இவ்வளவு ஒழுங்கா செய்வானா ஒருத்தன்?

செவ்வாக்கெழமை வண்டியக் குடுத்தான். புதன்கெழமையிலேருந்து நான் இங்கதான். காலையில ஒம்பது மணிக்குக் கொண்டாந்து அவன் கேட்டுக்கு நேர் எதிர்ல, இந்தச் சுவர ஒட்டி நிறுத்திடுவேன். ரோடு பொதுதானே? வர்றவங்களக் கூப்பிட்டு, இப்ப உங்கள உக்கார வெச்ச மாதிரி உக்கார வெச்சு, காட்டிடுவேன். புதன்கெழமை ஒரு பல் டாக்டர். நேத்து ரெண்டு பேரு, ஒரு வாத்தியாரும் அவரு மச்சானும். அத்தன பேரும் வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. புத்திசாலிங்க! நீங்க நாலாவது.

அவனா? அவன் என்ன பண்ணுவான்? கேட்டுக்கிட்ட வந்து நின்னு பாப்பான். பாத்துட்டு உள்ள போயிடுவான். வாயத் தொறந்தா முத்து கொட்டிடும்ல! ஷெட்டு காலியா கெடக்கு. நேத்து நாள் பூரா தரையக் கூட்டிக்கிட்டு இருந்தான். கூட்டின எடத்தையே திரும்பக் கூட்டுறான். கூட்டட்டும், நல்லா கூட்டட்டும்.

என்ன சார்? ...சாம்பிளா? என்ன சாம்பிள் குடுத்தேன்னா? குடுத்தேன், குடுத்தேன். குடுக்காம இருப்பேனா? தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா? பின்னாடி பாட்டில் இருக்கு. வெயில் இன்னிக்கு என்னமா அடிக்குது... இல்ல, சொல்றேன், சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? கலர் கலக்குறவனுக்கு வண்டியிலேருந்து ஏதாவது ஒரு துண்டு காட்டணும்ல. அதான், பெட்ரோல் மூடி. பெட்ரோல் ஊத்துற வாய்க்கு மேல சின்னக் கதவு மாதிரி ஒண்ணு இருக்குமே, உள்ளங்கை அகலத்துல, அது. ரெண்டே ஸ்க்ரூ. நானே கழட்டி அவன் கையில குடுத்தேன். வேற எதக் குடுக்கிறது, பானெட்டக் கழட்டித் தலையில வெச்சுக்கிட்டா போவாங்க? 'இதே கலர். ஒரு மயிரிழை மாறக் கூடாது'ன்னேன்.

வாங்கிக்கிட்டுப் போனான்ல? போனவன் வேலையப் பாக்கணுமா இல்லையா? மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்து நிக்கிறான், மூடியத் தூக்கிக்கிட்டு! 'சார், இது வேற கலரு, வண்டி வேற கலரு. எதப் பாத்து அடிக்கட்டும்?'ங்கிறான். பக்கத்துல வீட்டுக்காரி நிக்கிறா! ...அதாவது, அவ நின்னா என்ன, நிக்காட்டி என்ன, அது பேச்சு இல்ல. நான் சொன்னேன், 'மூடிதான்யா ஒரிஜினல். உடம்பு வெயில்ல வெளுத்துடுச்சு. மூடி இருக்கிற பக்கத்த நான் எப்பவும் சுவரோரமா நிறுத்துறேன், அதனால கலரு அப்படியே நின்னிருக்கு.' எப்படி? சட்டுனு சொன்னேன் சார், யோசிக்கவே இல்ல. 'அந்தப் பக்கத்துக் கதவு வெளுத்திருக்கே சார்'ங்கிறான்! எதிர்க் கேள்வி! என்கிட்ட! 'உன்னய வெளக்கம் கேட்டேனா? சொன்னதச் செய்யுயா'ன்னேன். சரி சார்னு போயிட்டான்.

...ம்? அப்ப மூடி கலர்லதானே அடிச்சிருக்கான்னா? ஆமா, அது... மூடி கலருதான். ஆனா பாருங்க, விஷயம் அது இல்ல... எங்க எறங்குறீங்க? உக்காருங்க சார். அவன் இன்னும் வரல. மூடியப் பாக்கணுமா? அதுல பாக்கிறதுக்கு என்ன இருக்கு? அது அந்தப் பக்கம், சுவரோரம். எடமே இல்ல. கீழ சாக்கடை வேற. சட்ட பாழாயிடும் சார், நல்ல சட்ட! சொன்னா கேளுங்க... அய்யய்ய, நுழைஞ்சிட்டாரே! ஒல்லியா இருக்கிறவங்கள உக்கார வெச்சதே தப்பு.

பாத்தாச்சா? ...ஆமா. அதே கலருதான். டாஷ்போர்டும் அதுவும் ஒரே கலரு. மயிரிழை மாறல, எனக்கும் கண்ணு இருக்கு, தெரியுது. சரி வாங்க இந்தப் பக்கம். அதத் தொறக்காதீங்க... தொறக்காதீங்கன்னேன்ல! ...அது டேப்பு. மூடிக்கு உள்பக்கமா அவன் ஒட்டினது. பிச்சுப் போடணும்னு நெனச்சேன், மறந்தே போச்சு. என்ன, சத்தமாப் படிக்கணுமா அத? 'இதே கலர், என் பொறுப்பு.' ஆமா, கையெழுத்து என்னுதுதான். தேதியும் நான்தான் போட்டேன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார்ன்னான். முப்பத்திரண்டு வருஷம் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினவன் சார் நான். மாட்டேன்னா சொல்ல முடியும்? கை தானா போட்டுடுச்சு.

அப்படிப் பாக்காதீங்க. நான் கடைக்காரங்களப் பாத்த மாதிரியே பாக்குறீங்க.

அந்த மூடி இந்த வண்டியோடது இல்ல. போதுமா? ஆறு வருஷத்துக்கு முன்னாடி பெட்ரோல் பங்குல நின்னேன். ஊத்துறவன் அளவு கம்மியா ஊத்துறான்னு எனக்குத் தோணிச்சு. அஞ்சு லிட்டர் அளவு குடத்தக் கொண்டான்னேன், எல்லார் முன்னாடியும் வெச்சு அளந்தேன். சரியா இருந்துச்சு. ஒரு சொட்டு கூடத்தான் இருந்துச்சு. வரிசையில நின்னவன் எவனோ சிரிச்சான் சார். எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! மூடியச் சாத்தல, ஒண்ணும் சாத்தல, வண்டிய எடுத்தேன். தூண்ல அடிச்சுச்சு. மூடி பிச்சுக்கிட்டுப் போயி நசுங்கிடுச்சு. ஒரு கீறல் விழக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனவரு எங்க அண்ணன்... நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? பழைய வண்டி உடைக்கிற எடத்துல இதே மாதிரி வண்டி மூடி ஒண்ணு கெடந்துச்சு. பழுப்புக் கலரு. வாங்கிட்டு வந்து, வீட்டுக் கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு, அத மொட்டை மாடியில வெச்சு ரெண்டு கோட் அடிச்சு மாட்டிட்டேன். பத்தடி தள்ளி நின்னா தெரியாது. அன்னிலேருந்துதான் அந்தப் பக்கம் சுவரோரம். வீட்டுக்காரிக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியாது. நெசமாச் சொல்றேன், கழட்டிக் குடுத்தப்ப எனக்கே ஞாபகம் இல்ல. ஆறு வருஷமா நல்லா பூசி மெழுகினதுல நானே மறந்துட்டேன்.

அவன் வந்து ரெண்டும் வேறன்னப்பதான் சுருக்குன்னுச்சு. வீட்டுக்காரி நிக்கிறா. ஒண்ணு சொன்னா ஒம்பது கேப்பா, அப்புறம் அதே சூட்டோட அண்ணிக்குப் போன் போட்டுடுவா. என்ன பண்ணச் சொல்றீங்க? வாயில வந்ததச் சொன்னேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், நியாயமாச் சொல்லுங்க. தொழில் தெரிஞ்சவன்தானே அவன்? வெயில்ல வெளுத்துச்சு, சுவரோரத்துல வெளுக்கலன்னு ஒருத்தன் சொன்னா, அது பொய்யின்னு தெரிய வேணாமா? தெரிஞ்சா, நம்ம பாட்டுக்கு நீலத்த அடிச்சுட்டுப் போவோம்னு போக வேணாமா? நான் சொன்னதயே அப்படியே செஞ்சு வெச்சிருக்கானே சார்! இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?

எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன்னா... சாட்சிக்கு சார். ஞாயித்துக்கெழமை அண்ணன் கதவத் தொறந்ததும், 'பெயிண்டர் கெடுத்துட்டான், ஊருக்கே தெரியும், நாலு பேர் பாத்துட்டு வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க'ன்னு சொல்லணும்ல. தம்பி மேல தப்பில்லன்னு அவருக்குத் தோணணும்ல. மூணு பேர் ஆச்சு. நாலுன்னா நல்லா இருக்கும்னுதான் உங்களக் கூப்பிட்டேன்.

நல்லா இல்லதான். தெரியுது. அந்த ஆளு காலி ஷெட்டக் கூட்டுறத நானும் இங்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? நேத்து நாலு மணிக்கு அவனே வந்து ஒரு டீ குடுத்துட்டுப் போனான் எனக்கு. குடிக்காம அப்படியே ஆற விட்டுட்டேன் சார். அதுக்காக? 'அண்ணே, நான்தாண்ணே எல்லாம்'னு சொல்லிடவா? உங்களுக்கென்ன, சுலபமாச் சொல்லிட்டீங்க. எங்க வீட்டுல தப்பு பண்ணாதவன்னு ஒருத்தன் உண்டுன்னா அது நான்தான்னு அம்பது வருஷமாச் சொல்லி வெச்சிருக்கேன். அத்தன பேர் தப்பையும் புடிச்சிருக்கேன். அண்ணன் தப்பையே புடிச்சிருக்கேன், அண்ணியோட அம்மா தப்பையே புடிச்சிருக்கேன்! சும்மா விடுவாங்களா? பயமா இருக்கு சார். வண்டி போறதவிட அதான் பயமா இருக்கு.

அதோ வந்துட்டான். பூட்டத் தொறக்குறான் பாருங்க... இருங்க சார், எங்க கெளம்புறீங்க? உங்க வண்டிச் சாவியவா? அவன்கிட்டயேவா குடுக்கப் போறீங்க? நான் தொண்டத் தண்ணி வத்தச் சொன்னதுக்கப்புறமுமா? ...சரி, குடுங்க. குடுங்க. கெட்டிக்காரன்தான், யாரு இல்லன்னா. கதவுக் கீல் சந்துல எல்லாம் தேய்ப்பான், பாருங்க. சார், ஒரு நிமிஷம். அந்தப் பல் டாக்டரு நம்பர் அவன்கிட்ட இருக்கும், நான்... நான் அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடறேன். வாத்தியாருக்கும் போடறேன். போடறேன்னு சொல்றேன்ல. ஏதோ வெளிச்சத்துல சரியாத் தெரியலன்னு சொல்லிடறேன்.

ஆனா சார், போறதுதான் போறீங்க, எனக்காக அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழமை. ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த வண்டிய வெளியயும், பானெட்டு, கதவு, கூரை எல்லாத்தையும், முழுசா அந்த மூடி கலர்லயே அடிச்சுத் தர முடியுமான்னு கேளுங்க. ஏன் அப்படிப் பாக்குறீங்க? அண்ணன் ஒரே கலரா இருக்கணும்னுதானே சொன்னாரு? ...சார்! மெதுவாப் போங்க சார். நான் கேட்டேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க!